பதினேழு வளையங்கள்

என் அக்காவுக்கு ஊர் வைத்த பெயர் முக்கால் அக்கா. யாராவது தெருவில் நிறுத்தி, "இன்னிக்கு வானம் எப்படிக்கா?" என்று கேட்டால், எல்லோரையும் போல "மூட்டமா இருக்கு" என்றோ "வெயில் கொளுத்துது" என்றோ அவள் சொல்ல மாட்டாள். அப்படியே நின்று, தலையை நிமிர்த்தி, ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, "முக்கால்" என்பாள். வானத்தை மனதுக்குள் எட்டுப் பங்காக வெட்டி, அதில் எத்தனை பங்கில் மேகம் இருக்கிறது என்று சொல்வது அவள் உத்தியோகம். ஒரு பங்கு என்றால் அரைக்கால், இரண்டு பங்கு கால், நான்கு பங்கு அரை. எங்கள் ஊர் வானம் பாதி நாள் ஆறு பங்கு மூடித்தான் கிடக்கும். அதனால் அந்தச் சொல்லே அவள் வாயில் அதிகம் வந்து, பெயராகவும் ஒட்டிக்கொண்டது.

கையில் காய்கறிப் பையோடு நடுத்தெருவில் ஒருத்தி தட்டாமாலை சுற்றினால் கூட வருகிறவளுக்கு எப்படி இருக்கும்? கூட வருகிறவள் நான். பையைப் பிடுங்கிக்கொண்டு, யாரோ எவரோ என்பது போல முன்னால் நடந்துவிடுவேன். எனக்கு எப்போதுமே மூக்கின் மேல் கோபம்.

ஊரின் குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த வானிலை நிலையத்தில் அவளுக்கு வேலை. நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கம்பி வேலிக்குள் ஒரு புல்தரை. நான்கு கால்களில் நிற்கும் ஒரு வெள்ளை மரப்பெட்டி, அதற்குள் இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் எப்போதும் ஈரத்துணி. ஒரு மழைமானி. ஒரு சிமெண்ட் தூணின் மேல் கண்ணாடிக் குண்டு ஒன்று, அதன் பின்னால் ஒரு நீல அட்டை. வெயில் அந்தக் குண்டு வழியாகக் குவிந்து, நாள் முழுக்க அட்டையில் ஒரு கோடு சுட்டுக்கொண்டே போகும். நல்ல வெயிலென்றால் அட்டை பொசுங்கி ஓட்டையே விழும். மெல்லிய மேகம் மறைத்தால் லேசாகப் பழுப்பேறும். கனத்த மேகமென்றால் ஒன்றுமே இருக்காது. சாயங்காலம் அட்டையை உருவி, தேதி போட்டுக் கட்டி வைப்பாள். பக்கத்தில் ஒற்றை அறை, அதில் ஒரு மேசை, ஒரு கடிகாரம், ஒரு போன், நீளமான ஒரு பதிவேடு. இந்த வேலிக்குள் அவள் முப்பத்தொரு வருஷம் இருந்தாள்.

காலை, மதியம், மாலை என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்து எழுத வேண்டும். ஒருமுறை ஒருவர் வீட்டுக்கு வந்து அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தார். நல்ல மனிதர், தயங்கித் தயங்கி முக்கியமான இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். மணி ஆறேகால் ஆனதும் அக்கா, "பதிவுக்கு நேரமாச்சு, நீங்க இருங்க" என்று எழுந்து போய்விட்டாள். அவர் கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் இல்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் கழித்து, என் கணவர் இறந்து போனதும், தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு நான் அவள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தேன். அதற்கப்புறம் எங்களுக்கு நாங்களே துணை.

அவள் தொழிலில் இரண்டு விதிகள் உண்டு. கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது. எழுதியதை அழிக்கக் கூடாது. தவறாக எழுதிவிட்டால், அடியில் இருப்பது படிக்கும்படி ஒற்றைக் கோடு கிழித்து, மேலே சிவப்பு மையில் சரியானதை எழுதி, பக்கத்தில் எழுதியவரே கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது விதி எனக்குப் பிடிக்கும். தையலில் அந்த நியாயம் கிடையாது. தப்பாகத் தைத்ததைப் பிரித்துவிட்டால் ஊசித் துளை மட்டும்தான் மிச்சம், அதையும் இஸ்திரி போட்டு மறைத்துவிடுவோம்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஏரி, மேற்கே மலை. நடுவில் மாட்டிக்கொண்டு நாங்கள் ஒரு வாரத்துக்குள் ஏழு வானம் பார்ப்போம். திங்கட்கிழமை ஏரியிலிருந்து பனிமூட்டம் எழுந்து எதிர்வீடு தெரியாது. செவ்வாய் சுள்ளென்று வெயில். புதன்கிழமை மலை மேல் பொதி பொதியாக மேகம் ஏறும், ஏறியது இறங்கி வருமா இல்லையா என்பது அதற்கே தெரியாது. துணி துவைக்கிறவர்களும் வீடு கட்டுகிறவர்களும் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா ஒரு தாளில் "இந்த வாரம்" என்று தலைப்புப் போட்டு, நாலு வரி எழுதி, நிலையத்தின் கேட்டில் குத்தி வைப்பாள். நடுவில் ஏதாவது மாறினால் அதையும் கீழே சேர்ப்பாள். அது அவள் வேலை இல்லை. மேலதிகாரிகளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள்.

அந்தத் தாளை ஒரு நாள் விடாமல் படித்தவர் செங்கல் சூளைக்காரர். அறுத்து வைத்த பச்சைக் கல் வெயிலில் காய வேண்டும். காய்வதற்குள் மழை பிடித்தால் கல் மறுபடியும் மண். காற்றில்லாத நாளில் சூளை எரியும்போது அதன் மேல் மட்டும் ஒரு குட்டி மேகம் நிற்கும். அவர் அதைக் காட்டி, "அக்கா, அது என்னோட சொந்த மேகம், கணக்குல சேத்துடாதீங்க" என்பார். அக்கா சிரிக்காமல், "அரைக்கால் கூட வராது" என்பாள்.

மேகத்தின் அடிப்பக்கம் மட்டும் ஏன் சீவி விட்ட மாதிரி தட்டையாக இருக்கிறது என்று ஒருநாள் நான் கேட்டேன். ஏதோ வாய்க்கு வந்தது, கேட்டேன். அவள் என்னை இழுத்துக்கொண்டு போய் அடுப்பில் கொதிக்கிற கெட்டில் முன்னால் நிறுத்தினாள்.

"கெட்டில் மூக்குக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவுல ஒரு விரல் அளவு காலியா இருக்கு பாரு. அதுதான் ஆவி. ஆவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாத் தெரியறது குளிர்ந்து மறுபடி தண்ணியான துளி."

"சரி, அதுக்கு?"

"ஏரியிலேர்ந்து ஆவி கிளம்புது, யாருக்கும் தெரியாது. மேல போகப் போகக் குளிருது. ஒரு உயரம் வந்ததும், ஒட்டிக்க ஒரு தூசி கிடைச்சா, துளியாகிடும். அந்த உயரம் ஊர் முழுக்க ஏறக்குறைய ஒண்ணுதான். அதான் அடி தட்டையா இருக்கு."

"அப்ப நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே மேகம் அங்கதான் இருக்கா?"

"அதுவரைக்கும் அதுக்குப் பேரு மேகம் இல்ல. ஆனா இருக்கு" என்றாள். கெட்டிலை இறக்கி வைக்க மறந்துவிட்டாள். நான்தான் இறக்கினேன்.

அவள் வேலையின் கடைசி வருஷத்தில் வளையங்கள் வந்தன.

மாலைப் பதிவு ஆறரை மணிக்கு. வளர்பிறை நாட்களில் அந்த நேரத்துக்கு நிலா மேலே இருக்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும், "நிலாவை ஒட்டி வளையம்டி, வண்ண வளையம்" என்றாள் சந்தோஷமாக. வளையத்தில் இரண்டு ஜாதி உண்டாம். தள்ளி, பெரிதாக இருந்தால் அது ரொம்ப உயரத்துப் பனித்துகள் மேகம். நிலாவை ஒட்டிச் சின்னதாக, வெளி ஓரம் சிவப்பாக இருந்தால் அது கொஞ்சம் கீழே இருக்கிற தண்ணீர்த் துளி மேகம், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிசு. எங்கள் ஊரில் இரண்டாவது வந்தால் இரண்டு நாளில் மழை. முப்பது வருஷத்தில் அது பெரும்பாலும் தப்பியதில்லை. பதிவேட்டில் எழுதினாள், கேட்டில் குத்திய தாளில் சேர்த்தாள்: "இரண்டு நாளில் மழைக்கு வாய்ப்பு. காய்வதை மூடி வைக்கவும்."

மழை வரவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் வளையம். மறுபடியும் மழை இல்லை. ஐந்து மாதத்தில் பதினேழு முறை அவள் வளையம் பார்த்தாள். சூளைக்காரர் ஒவ்வொரு முறையும் ஆட்களைக் கூப்பிட்டுத் தார்ப்பாய் போட்டார், மூன்றாம் நாள் எடுத்தார். தார்ப்பாய்க்குக் கீழே கல் காயாமல் வியர்த்துக்கொண்டு கிடந்தது. கடைத்தெருவில் ஒருவன் என்னிடமே, "முக்கால் அக்கா இப்பல்லாம் முழுசாவே தப்பாச் சொல்றாங்களே" என்றான். அவன் சட்டையை ஒரு வாரம் தாமதமாகத்தான் தைத்துக் கொடுத்தேன்.

அதே மாதங்களில் சாயங்காலமானால் அவளுக்குப் புருவத்துக்கு மேல் வலிக்கும். "காத்து மாறுது, அதான்" என்று தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுவாள். காலையில் சரியாகிவிடும். முன்னறையில் என் வெட்டு மேசையின் இடது மூலையில் அடிக்கடி இடித்துக்கொள்வாள். ஒருநாள் அவள் இடித்த இடியில், அளந்து வெட்டி அடுக்கியிருந்த துணி எல்லாம் தரையில் விழுந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"கண்ணைப் பிடரியிலயா வெச்சிருக்க? இவ்வளவு பெரிய மேசை தெரியல, நிலாவுல வளையம் மட்டும் தெரியுது."

அவள் குனிந்து துணியைப் பொறுக்கினாள். பாதியை விட்டுவிட்டு எழுந்தாள், அதற்கும் திட்டினேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனாலும் எழுதியதை அழிக்கப் போவதில்லை.

பதினேழாவது வளையத்தை அவள் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தாள். தாளில் சேர்த்தாள். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மறுநாள் காலை, நான் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்த நேரம், சூளைக்காரர் முழங்கால் வரை சேற்றோடு நிலையத்து வாசலில் வந்து நின்றார். சண்டைதான் என்று நான் இடுப்பில் கையை வைத்துத் தயாராக நின்றேன்.

"நாப்பதாயிரம் கல்லுக்கா. எல்லாம் மண்ணாப் போச்சு" என்றார். குரல் உயரவே இல்லை. "நீங்க எழுதியிருந்தீங்க. நான்தான் நம்பல. மூடி மூடித் திறந்து ஆளுங்களே சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. இந்தத் தடவை நான் மூடச் சொல்லல. தப்பு என் மேலதான், உங்க மேல இல்ல. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் போன பிறகு அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனதுதான் அவளை அரித்தது. மற்ற முறையெல்லாம் ஏன் மழை வரவில்லை என்ற கேள்வி அன்றிலிருந்து அவளை விடவில்லை. வெப்பமானியின் ஈரத்துணியை மாற்றினாள். மழைமானியைக் கவிழ்த்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். பழைய பதிவேடுகளை இறக்கி, மலைப்பக்கக் காற்று மாறிவிட்டதா என்று தேடினாள். அந்த நிலையத்தில் இருந்த எல்லாக் கருவிகளையும் சந்தேகப்பட்டாள், ஒன்றைத் தவிர.

மூன்று நாள் கழித்து, மாலைப் பதிவு முடித்து வந்தவள், நெற்றியைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தண்ணி கொதிக்குதா?" என்றாள்.

"இல்லையே."

"கெட்டில் வெச்சு இறக்கினியா?"

"அடுப்பே பத்த வைக்கலக்கா. வந்ததும் வராததுமா என்ன விசாரணை?"

அவள் அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். பிறகு முன்னறைக்குப் போய் என் மெஷின் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். வாசலுக்குப் போய்த் தெருவிளக்கைப் பார்த்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பல்பைச் சுத்தி வளையம் இருக்குடி. சின்னதா, ஓரம் சிவப்பா."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்குத் தெரியாது." பிறகு போனில் தலைமை அலுவலகத்துக்கு அளவு சொல்லும் அதே குரலில் சொன்னாள்: "வீட்டுக்குள்ள மேகம் வராது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அந்த மேசை மூலை ஞாபகம் வந்தது, தரையில் அவள் பொறுக்காமல் விட்ட பாதித் துணி ஞாபகம் வந்தது. எல்லாம் இடது பக்கம். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

கண் டாக்டர் வயதில் சின்னவர், பொறுமையாகப் பேசினார். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியே போகும் வழி அடைத்துக்கொள்கிறது, அழுத்தம் ஏறுகிறது, ஏறும்போதெல்லாம் கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிற பாகத்தில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது. அப்போது எந்த விளக்கைப் பார்த்தாலும் வளையம் தெரியும். அழுத்தம் இறங்கினால் வளையமும் வலியும் போய்விடும். உள்ளே நரம்பு மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும்.

"வளையம் எப்பலேர்ந்து தெரியுது? சுமாராச் சொன்னாப் போதும்."

அக்கா சுமாராகச் சொல்லவில்லை. தேதி சொன்னாள், மணி சொன்னாள். நான்காவது தேதியில் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எழுதி வெச்சிருக்கீங்களாம்மா?"

"பதிவேட்டுல இருக்கு."

"இவ்வளவு துல்லியமாப் பாத்திருக்கீங்க. ஏன் அப்பவே வரல?"

"அது வானம்னு நெனச்சேன்" என்றாள் அக்கா.

இடது கண் அநேகமாகப் போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும், சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போலக் கொஞ்சம் மிச்சம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று இரண்டு கண்ணிலும் லேசரால் ஒரு சின்ன வழி திறந்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கூடப் பிறந்தவங்களுக்கும் இது வரலாம். உங்களுக்கு இப்ப பயமில்ல. வருஷா வருஷம் வந்து காட்டுங்க. விளக்கைச் சுத்தி எப்பவாவது வளையம் தெரிஞ்சா, அன்னிக்கே வாங்க." ஆனால் அன்று நான் என்னைப் பற்றி நினைக்கவில்லை, அக்காவின் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் குறையில்லாமல் பதிவேடு வைத்திருப்பவர்களுக்குத் தலைமை அலுவலகம் ஒரு பாராட்டுப் பத்திரம் தரும். அவள் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. அவளுக்கு அதில் ஆசை இருந்தது. முன்னறைச் சுவரில் எந்த இடத்தில் மாட்டுவது என்று ஒருமுறை என்னிடம் கேட்டே விட்டாள், பிறகு வெட்கப்பட்டு, சும்மா கேட்டேன் என்றாள். லேசர் முடிந்து வந்த மறுநாள், பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாருக்குக்கா தெரியப் போகுது? பேசாம நாலு மாசத்தை ஓட்டு."

"எனக்குத் தெரியும்ல."

"உன் கண்ணைக் குடுத்து எழுதினது போதாதா? இன்னும் என்ன குடுக்கணும் அவங்களுக்கு?"

"அவங்களுக்கு இல்லடி. என்னிக்கோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து இந்த ஊர்ல இந்த மாசம் எத்தனை நாள் மேகம்னு கூட்டிப் பாப்பார். அவருக்கு என் கண்ணு தெரியாது. இல்லாத மேகத்தை இருந்ததுன்னு எடுத்துப்பார். அப்புறம் அந்தச் சூளைக்காரர். தப்பு தன்னோடதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கார்."

தலைகீழாக நின்றாலும் அவள் மாற மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன்.

சிக்கல் என்னவென்றால், பதினேழுமே பொய் என்று சொல்லிவிட முடியாது. கடைசி வளையத்துக்கு மழை வந்ததே. எது வானம், எது கண் என்று எப்படிப் பிரிப்பது? அதற்கு அவள் வழி வைத்திருந்தாள். கண்ணாடிக் குண்டு சுட்ட நீல அட்டைகள். "இந்த மேகம் திடீர்னு முளைக்காது. மத்தியானமே தொடங்கி மறுநாள் காலை வரைக்கும் நிக்கும். ரெண்டு நாள் அட்டையையும் எடு."

நான் தேதியைப் படித்து அட்டையை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை. அவள் தன் கண்ணை நம்புவதை நிறுத்தியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் சுட்ட கோட்டைத் தடவினாள். விரல் ஓட்டையில் சறுக்கிக்கொண்டே போனால், "முழு வெயில். அன்னிக்கு மேகம் இல்ல" என்பாள். அப்படியானால் அது கண். நான் பதிவேட்டில் அந்த வரியைக் காட்டி, அளவுகோலை வைத்து, அவள் கையை எடுத்து அதன் மேல் வைப்பேன். அவள் கோடு கிழிப்பாள். நான் கிழித்துத் தருகிறேன் என்றதற்கு, "எழுதினவதான் கிழிக்கணும்" என்றுவிட்டாள். ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே சிவப்பு மையில், எழுத்து ஏறியும் இறங்கியும் போக, எழுதினாள்: "வளையம் பதிவாளரின் கண்ணில் இருந்தது. வானத்தில் இல்லை." பக்கத்தில் கையெழுத்து.

பதினாலு முறை அதை எழுதினாள். நான்காவதிலேயே போதும்க்கா என்றேன், அவள் நிறுத்தவில்லை. இரண்டு அட்டைகளில் ஓட்டை இல்லை, வெறும் சொரசொரப்பு. அந்த இரண்டும் உண்மை, அதில் ஒன்று சூளைக்காரரின் செவ்வாய்க்கிழமை. இன்னொன்றை அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்கு நேரே "சந்தேகம்" என்று எழுதினாள்.

தலைமை அலுவலகத்துக்கு அவளே கடிதம் எழுதினாள். பத்து நாளில் பதில் வந்தது. திருத்தங்கள் ஏற்கப்பட்டன, புதிய பதிவாளர் திங்கட்கிழமை மதியம் பொறுப்பேற்பார், இவ்வளவுதான். பாராட்டுப் பத்திரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போடத் துடித்தேன். அவள் வாங்கி மடித்து, பதிவேட்டுக்குள் வைத்தாள்.

கண்ணுக்காகப் போட்டிருந்த விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது, அந்தத் திங்கட்கிழமை காலைப் பதிவுதான் அவளுடைய கடைசி. நானும் போனேன். பூதக்கண்ணாடியை வைத்து, அந்தச் சாவித்துவாரத்தால் வெப்பமானிகளைப் படித்துவிட்டாள். என்னையும் சரிபார்க்கச் சொன்னாள், பத்தில் ஒரு பங்கு கூடப் பிசகவில்லை. மழை இல்லை, எழுதினாள். பிறகு புல்தரையின் நடுவில் போய் நின்று, தலையை நிமிர்த்தி, ஒரு முழுச் சுற்று சுற்றினாள். நின்றாள். மறுபடியும் சுற்றினாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"காலே அரைக்கால்க்கா" என்றேன். "மலைப் பக்கம் ரெண்டு பங்கு, ஏரிப் பக்கம் ஒண்ணு. நல்லாப் பாத்துட்டேன். எழுதிக்கோ."

"நீ சொன்னது சரியாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா எனக்குத் துண்டு துண்டாத்தான் தெரியுது. துண்டைக் கூட்டினா வானம் ஆகாது. நீ பாத்ததை நான் எழுதக் கூடாது."

உள்ளே போய், மேகம் என்ற கட்டத்தில் ஒரு சாய்கோடு போட்டாள். பார்க்கப்படவில்லை என்று அதற்கு அர்த்தம். முப்பத்தொரு வருஷத்தில் அவள் போட்ட முதல் சாய்கோடு. பேனாவை மூடி வைத்துவிட்டு, மேசையின் மேல் இரண்டு கையையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்து, மழைமானிக்குப் பக்கத்தில் நின்று, யாரும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் சூளைக்குப் போனோம். அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "பதினாலு தடவை என் கண்ணு. கடைசித் தடவை வானம். நீங்க நம்பாம போனதுக்குக் காரணம் நான்தான். அதை உங்க தலையில போட்டுக்காதீங்க."

அவர், "உக்காருங்கக்கா" என்று தன் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். கிளம்பும்போது கேட்டார்: "அப்ப இனிமே எங்களுக்கு யாரு பாத்துச் சொல்றது?"

புதிய பதிவாளர் ஒழுங்கானவர், ஆனால் கேட்டில் தாள் குத்துகிறவர் இல்லை. அதனால் நான் பார்க்கிறேன். சாயங்காலம் ஆறரைக்கு மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நான் தெருவில் நின்று ஒரு முழுச் சுற்று சுற்றி, எத்தனை பங்கு என்று சொல்வேன். போகிற வருகிறவர்கள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். அவள் நூறு கேள்வி கேட்பாள். அடி தட்டையா இருக்கா, விளிம்பு கூர்மையா இருக்கா, நேத்தைவிட கீழயா. எனக்குப் பொறுமை போய், "நீயே வந்து பாரு" என்று வாய்வரை வந்து நிற்கும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை அண்ணாந்து பார்த்தேன், எனக்குப் பகீரென்றது.

"அக்கா, நிலாவை ஒட்டி வளையம் இருக்கு. சின்னதா. ஓரம் சிவப்பா."

அவளுக்கு நிலா ஒரு மங்கல் பொட்டாகத் தெரியும், வளையமெல்லாம் தெரியாது. அவள் மேகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போய் பல்பைப் பாத்துட்டு வா" என்றாள்.

போனேன். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். அணைந்திருந்தது. பல்புக்குக் கீழே நின்று, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். கண் கூசி நீர் வரும் வரைக்கும் பார்த்தேன். முன்னறைக்குப் போய் மெஷின் விளக்கையும் போட்டுப் பார்த்தேன்.

திரும்பி வந்தேன். "பல்பு பல்பாத்தான் இருக்குக்கா. ஒண்ணுமில்ல."

அவள் கை காற்றில் தடவி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அப்ப அது மேகம்தான்" என்றாள். "சூளைக்காரருக்குப் போன் போடு. மூடச் சொல்லு."